மரக்கலத்தின் மருத்துவம்

கடலில்லாத ஐதராபாத்தில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவானேன் என்று மன்றத்து நண்பர்கள் கேட்கலாம். உசேன் சாகரில் ஓடும் உல்லாசப் படகுகளைத் தவிர வேறு கலத்தை இங்கே காண்பதற்கில்லை என்பது உண்மையே. ஆயினும், இந்நகரை அமைத்த குதுப்சாகி மன்னர்களுக்குக் கடலோடும் கப்பல்கள் இருந்தன. மசூலிப்பட்டினம் அவர்களுடைய துறைமுகமாக விளங்கியது. கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள நரசாபுரத்தில் பதினேழாம் நூற்றாண்டில் பெரிய மரக்கலங்களைக் கட்டினார்கள், பழுதுற்றவற்றைச் சீர்செய்தார்கள். ஆகவே மரக்கலம் இம்மண்ணுக்கு முற்றிலும் அயலான பொருளன்று.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டது கப்பல் கட்டும் கலையை அன்று. கட்டிய கப்பலின் உடல் பழுதுற்றால் அதை எவ்வாறு சீர்செய்வது என்பதையே ஆகும். புதிதாகக் கட்டுவதைக் காட்டிலும் இது கடினமானது. கட்டுபவனுக்கு மரம் மட்டுமே முன்னால் நிற்கிறது. சீர்செய்பவனுக்கோ மரமும், அதைப் பற்றிய நோயும், முன்னோரின் கைவேலையும் ஒருங்கே நிற்கின்றன. நோயை அகற்றவேண்டும், கைவேலையை அழிக்கலாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே வாளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண மர வேலையோடு வேதியியலும் இயற்பியலும் உயிரியலும் துணை வரவேண்டும். ஆதலின் அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இது ஏற்ற பாடம்.

திருகோணமலையின் பெயர் பூண்ட கப்பல்

எடுத்துக்காட்டாக ஒரு கப்பலைக் கொள்வோம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே ஒரு பழைய போர்க்கப்பல் இன்றும் நீரில் மிதக்கிறது. அதன் பெயர் ‘டிரிங்கோமலி’. நம்முடைய திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர் அவ்வாறு வழங்கினர். 1782ஆம் ஆண்டில் அத்துறைமுகத்தை அடுத்த கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரின் நினைவாக இப்பெயர் வைக்கப்பட்டது.

பெயர் ஈழத்தது, உடலோ இந்தியாவினது. மலபார்த் தேக்கைக் கொண்டு, பம்பாய்க் கப்பற்கூடத்தில், ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சி தலைமைக் கப்பற்சிற்பியின் மேற்பார்வையில் இது கட்டப்பட்டது. கட்டும்படி ஆணை பிறந்தது 1812இல். வரைபடங்களை ஏற்றிவந்த ‘ஜாவா’ என்னும் கப்பல் அவ்வாண்டு டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பலான ‘கான்ஸ்டிடியூஷ’னால் வீழ்த்தப்பட்டது. வரைபடங்கள் மீண்டும் அனுப்பப்பட்டு, 1816இல் வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. அதன் பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 150 அடி. அகலம் ஏறத்தாழ 40 அடி.

பின்னர் அது பட்ட பாடு பெரிது. 1819இல் இங்கிலாந்தை அடைந்து பல ஆண்டுகள் வேலையின்றிக் கிடந்தது. 1847 முதல் 1857 வரை அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பணி செய்தது. பிறகு கடற்படைச் சேமப் படையின் பயிற்சிக் கலமாயிற்று. 1897இல் உடைப்பதற்கென்று விற்கப்பட்டது. நல்வினைப் பயனாக வேறொருவர் வாங்கி, ‘ஃபூட்ராயன்ட்’ என்று பெயர் மாற்றி, இளைஞர் பயிற்சிக் கப்பலாக வைத்துக்கொண்டார். 1986 வரை அப்பணி நடந்தது. 1987இல் ஒரு பெரிய மிதவையின்மேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தனர். 1990 முதல் 2001 வரை சீர்செய்யும் வேலை நடந்து, பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது. இவ்வளவுக்குப் பின்னும் அதன் மரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு பம்பாயில் பொருத்திய பழைய மரமே என்கிறார்கள். இன்று மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இதுவே.

எஞ்சிய 40 விழுக்காடு ஏன் போயிற்று? 60 விழுக்காடு எவ்வாறு நின்றது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் பழுதுபார்க்கும் கலையின் உயிர்நிலை விளங்கிவிடும்.

கப்பலின் உறுப்புகள்

முதலில் உறுப்புகளின் பெயர்களை அறிந்துகொள்வோம். நம் கடற்கரைத் தச்சர்களை ஓடாவிகள் என்பர். கப்பலின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் நீண்ட மரம் ஏரா. நம் உடலுக்கு முதுகெலும்பு எப்படியோ அப்படிக் கலத்துக்கு ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகளைப் போல் வளைந்து எழுவன வங்குகள். வங்குகளின்மேல் தோல்போல் வரிசை வரிசையாக அறையப்படுவன பலகைகள். கலத்தின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சும் பிசினும் திணித்து நீர் புகாமல் அடைப்பது கலப்பற்று.

இவ்வுறுப்புகளுள் ஒன்றேனும் தனித்து நிற்பதில்லை. ஒரு பலகையைக் கழற்றினால் அதன் சுமை பக்கத்துப் பலகைகளின்மேல் ஏறுகிறது. ஒரு வங்கு மக்கினால் அதில் அறைந்த எல்லாப் பலகைகளும் பிடி தளர்கின்றன. இதை மறவாமல் மேலே செல்வோம்.

மூன்று பகைகள்

மரக்கலத்துக்குப் பகை மூன்று: பூஞ்சணம், புழு, இரும்பு.

பூஞ்சணம் மரத்தின் செல்லுலோசையும் லிக்னினையும் உண்டு வாழும் உயிர். அதற்கு நான்கு பொருள்கள் வேண்டும்: உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம். உலர்ந்த மரத்தின் எடையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக ஈரம் இருந்தால் பூஞ்சணம் வளர்வதில்லை. ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டும்போது மர நாரின் சுவர்கள் நீரால் நிரம்பிவிடுகின்றன. அதுவே அதற்குக் கொண்டாட்டமான காலம். ஆனால் மரம் முற்றிலும் நீரில் மூழ்கிக் காற்றே இல்லையென்றால் அது வாழ இயலாது. உப்பும் அதற்கு ஆகாது. அமெரிக்காவில் கப்பல் கட்டியவர்கள் வங்குகளுக்கிடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பியதன் காரணம் இதுதான்.

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு பெறப்படுகிறது. கப்பலை மக்கச் செய்வது கடல்நீர் அன்று. மேலிருந்து இறங்கும் மழைநீரே. தளத்தின் இடுக்கில் கசியும் ஒரு துளி நன்னீர், காற்றோட்டமில்லாத மூலையில் ஆண்டுக்கணக்கில் தங்கினால், கடலின் அலைகள் செய்யமுடியாத கேட்டை அது செய்துவிடும். துறையில் சும்மா கிடக்கும் கப்பலே, கடலில் ஓடும் கப்பலைவிட விரைவில் கெடுவதையும் இதனால் உணரலாம்.

இரண்டாம் பகை கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குண்டூசித் தலையளவு துளையிட்டு இளமையில் உள்ளே புகுகிறது. பிறகு உள்ளேயே வளர்ந்து, துளையைச் சுண்ணப் பூச்சால் மெழுகிக்கொண்டு, மரத்தின் வழியே நீளமாகத் தோண்டிச் செல்கிறது. வெளியே பார்த்தால் பலகை நன்றாக இருக்கும். உள்ளே தேன்கூடுபோல் ஆகியிருக்கும். உப்புநீரில் வாழும் இது நன்னீரில் நெடுநாள் பிழைப்பதில்லை. ஆகவே பூஞ்சணத்துக்கு மருந்தாகும் உப்பு புழுவுக்கு உணவுக்கூடம். புழுவுக்கு நஞ்சாகும் நன்னீர் பூஞ்சணத்துக்கு அமுதம். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பகையும் கீழே மற்றொரு பகையுமாகக் கலத்தை இவை பங்கிட்டுக்கொள்கின்றன.

மூன்றாம் பகையாகிய இரும்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். புழுவைத் தடுக்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலின் அடியில் செப்புத் தகடு போர்த்தினார்கள். செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாகிப் புழுவையும் பாசியையும் அண்டவிடாது. ஆனால் கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. இரும்பு கரைகிறது, செம்பு காக்கப்படுகிறது. பலகையைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோயின. பிறகே செப்புக் கலவை ஆணிகள் வழக்கத்துக்கு வந்தன.

1824இல் ஹம்ப்ரி டேவி இதே விதியைத் திருப்பிப் பயன்படுத்தினார். செப்புத் தகட்டோடு இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைத்தால் அது கரைந்து செம்பைக் காக்கும் என்றார். அவருடைய முறையைச் சோதித்த கப்பல்களுள் ஒன்று ‘சாமராங்’. அதுவும் 1822இல் நம் கொச்சியில் தேக்கால் கட்டப்பட்டதே! சோதனை வென்றது, செம்பு கரையவில்லை. ஆனால் செம்பு கரையாததால் நஞ்சும் இல்லாமற் போய், கப்பலடியில் பாசியும் சிப்பியும் அடர்ந்து படர்ந்தன. ஒரு நோயை நீக்கும் மருந்து மற்றொன்றை வரவழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. மின்கலத்தின் எதிர்முனையைச் சுற்றிக் காரம் பிறக்கிறது. அக்காரம் ஆணியைச் சூழ்ந்த மரத்தை மென்மையாக்கி நாராக உரித்துவிடும். படகுக்குக் காப்பாக அளவுக்கு மீறித் துத்தநாகம் கட்டினால், ஆணி பிழைக்கும். ஆணி பிடித்த மரம் பிழைக்காது.

தேக்கின் பெருமை

இம்மூன்று பகைகளையும் தேக்கு எவ்வாறு எதிர்த்தது? தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் முதலிய வேதிப்பொருள்களும், எண்ணெய்ப் பசையும், சிலிக்காவும் உள்ளன. இவை பூஞ்சணத்தையும் கறையானையும் தடுக்கின்றன. வைரத்தைச் சூழ்ந்த வெளிமரத்துக்கு இவ்வாற்றல் இல்லை. ஆகவே தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வெளிமரம் கலந்த பலகையைக் கப்பலுக்கு வைப்பது வீண். ஐரோப்பியரின் ஓக் மரத்தில் டானின் அமிலம் மிகுதி. அது இரும்பைக் கருக்கி அரிக்கும். தேக்கில் அக்குறை சிறிது.

மற்றொரு சிறப்பும் உண்டு. நம் விடுதி அறைக் கதவுகள் மே மாதத்தில் சுருங்கி ஆடுவதையும், ஆவணி மழையில் திறக்க மறுப்பதையும் எல்லாரும் கண்டிருப்போம். காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 6 விழுக்காட்டில் நிலைபெறும். 80 விழுக்காடானால் ஏறத்தாழ 15 அல்லது 16இல் நிலைபெறும். ஈரம் ஏற மரம் பருக்கும், இறங்கச் சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, தேக்கு ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும். வெள்ளை ஓக் மரத்துக்கு இவ்வெண்கள் 10.5, 5.6.

ஒரு கணக்குப் போடுவோம். 10 அங்குல அகலமுள்ள பலகை 30 விழுக்காடு ஈரத்திலிருந்து 15 விழுக்காட்டுக்கு உலர்கிறது என்க. முழுச் சுருக்கத்தில் பாதி நிகழும். வளையத்தின் போக்கில் அறுத்த ஓக் பலகை அரை அங்குலத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கும். அவ்வாறே அறுத்த தேக்குப் பலகை 0.29 அங்குலம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கி அறுத்த தேக்குப் பலகையோ எட்டில் ஒரு பங்கு அங்குலமே சுருங்கும். பழுதுபார்ப்பவன் மரத்தின் இனத்தை மட்டுமன்றி அறுத்த திசையையும் பார்த்து வாங்கவேண்டும் என்பது இதனால் தெளிவாகும். கப்பலை உலர்துறையில் ஏற்றி வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்போது பலகை இடுக்குகள் வாய் பிளப்பதும் இதனால்தான். அப்போது நிழல் அமைத்தும் நீர் தெளித்தும் அதைக் காப்பர்.

நோயறிதல்

வெட்டுவதற்கு முன் அறியவேண்டும். முதற்கருவி சிறு சுத்தியல். நல்ல மரம் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மக்கியது மந்தமாக ஒலிக்கும். இரண்டாவது குத்தூசி, அது எவ்வளவு எளிதில் இறங்குகிறது என்பது மரத்தின் நிலையைக் காட்டும். மூன்றாவது சிறு துளையிட்டு எடுக்கும் தூள். அதன் நிறமும் மணமும் உள்ளிருக்கும் கேட்டைச் சொல்லிவிடும். இக்காலத்தில் மின்தடையை அளந்து ஈரத்தைக் காட்டும் கருவியும், மெல்லிய ஊசித் துளையிட்டு மரத்தின் எதிர்ப்பைக் கோடாக வரைந்து காட்டும் கருவியும் வந்துள்ளன. ஆயினும் அனுபவமுள்ள ஓடாவியின் காதும் விரலும் இன்றும் முதலிடத்தில்தான் உள்ளன.

கண்ட ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும். குறித்தபின் எழுப்பவேண்டிய கேள்வி, ‘எது கெட்டது?’ என்பதன்று; ‘நீர் எவ்வழியாக வந்தது?’ என்பதே. தளத்தின் கசிவை அடைக்காமல் வங்கை மாற்றினால், புதிய வங்கும் சில ஆண்டுகளில் பழைய வங்கின் கதியை அடையும்.

வடிவத்தையும் அளக்கவேண்டும். கப்பலின் நடுப்பகுதி அகன்றது. அங்கே நீரின் உந்துவிசை மிகுதி. இரு முனைகளும் ஒடுங்கியவை. அங்கே உந்துவிசை குறைவு, சுமையோ உண்டு. ஆகவே நாளடைவில் முனைகள் தாழ்ந்து நடு உயர்ந்து, ஏரா வில்போல் வளைகிறது. முன்னே சொன்ன ‘கான்ஸ்டிடியூஷன்’ கப்பலில் இவ்வளைவு ஏறத்தாழ 13 அங்குலம் இருந்தது. 1992 முதல் 1996 வரை அதை உலர்துறையில் தாங்குகட்டைகளின்மேல் வைத்து நிமிர்த்தி, முதலில் கட்டியவர்கள் கருதிய சாய்வு மரங்களை உள்ளே மீண்டும் பொருத்தினர். 1797இல் நீரிறங்கிய அக்கப்பல் 1997இல் மறுபடியும் பாய் விரித்து ஓடிற்று.

வெட்டலும் இணைத்தலும்

இனிச் சிகிச்சையைக் காண்போம். முதல் விதி: எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் கழற்றலாகாது. கழற்றினால் கலம் தன் வடிவை இழக்கும். வெளியே முட்டுக்கொடுத்து, ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய பின்பே அடுத்ததைத் தொடவேண்டும். கழற்றிய பழைய பலகை உதவாததாயினும் எறியக்கூடாது; புதியதன் வளைவுக்கு அதுவே அச்சு.

இரண்டாம் விதி: கெட்டதை நல்ல மரம் வரும்வரை வெட்டவேண்டும், அதற்குமேல் வெட்டக்கூடாது. பூஞ்சண இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்து நாரின் வழியே ஓடியிருக்கும். ஆதலின் நீளவாக்கில் சற்றுத் தாராளமாகவும், அகலவாக்கில் சிக்கனமாகவும் வெட்டுவது முறை.

மூன்றாம் விதி: இணைப்பு சாய்வாக இருக்கட்டும். இரண்டு மரங்களை முகத்தோடு முகம் நேராக ஒட்டினால், நாரின் முனைகள் பசையைக் குடித்துவிட்டுப் பிடி கொடுக்காது. இரு முனைகளையும் ஆப்புப்போல் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் ஒட்டும் பரப்பு மிகும். நாரின் பக்கத்தோடு பக்கம் சேரும். சாய்வின் நீளம் மரத்தின் தடிப்பைப்போல் 8 முதல் 12 மடங்கு இருக்கவேண்டும். 2 அங்குலப் பலகைக்கு 16 முதல் 24 அங்குலம் ஆயிற்று. தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டுவதைக் கெடுக்கும்; ஒட்டுவதற்குச் சற்று முன்பாகக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும்.

நான்காம் விதி: பலகை முனைகளின் பொருத்துகள் அடுத்தடுத்து வரலாகாது. ஒரே வங்கின்மேல் இரண்டு பொருத்துகள் வரவேண்டுமானால் அவற்றிடையே மூன்று முழு வரிசைகளாவது இருக்கவேண்டும். செங்கல் சுவரில் இணைப்புகளை மாற்றி மாற்றி வைப்பதும் இதே காரணத்தாலன்றோ!

வளைந்த பலகை வேண்டுமாயின், பெட்டியில் வைத்து நீராவி ஏற்றுவர். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது கைக்கணக்கு. வெந்த பலகையை எடுத்த சில நிமிடங்களுக்குள் இடத்தில் வளைத்து இறுக்கவேண்டும். சூட்டில் லிக்னின் இளகுவதும், ஆறியபின் மீண்டும் இறுகுவதும் இதன் அடிப்படை.

வங்கு சிறிதே பழுதுற்றிருந்தால் அதை எடுக்காமல் பக்கத்தில் துணை வங்கு ஒன்றைச் சேர்த்து வலுப்படுத்தலாம். அப்போது பழையதும் நிற்கும்; சுமையும் தாங்கப்படும். ஆனால் பூஞ்சணம் உயிரோடிருக்கும் வங்கின் பக்கத்தில் புதிய மரத்தை வைப்பது, தொற்றுநோயாளியின் கட்டிலில் நலமுள்ளவனைப் படுக்க வைப்பதற்கு ஒப்பாகும்.

கலப்பற்றும் போர்வையும்

பலகைகள் அமைந்தபின் இடுக்குகளைக் கலப்பற்ற வேண்டும். பருத்தித் திரியை உளியாலும் கொட்டாப்புளியாலும் இடுக்கில் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவது நம் கரையின் பழைய வழக்கம். மிகுதியாக அடித்தாலும் குற்றம். கலம் நீரில் இறங்கியதும் பலகை பருக்கும். திரிக்கு இடமில்லையெனில் அது வங்கின் ஆணிகளையே நெம்பிவிடும். ஆகவேதான் சிறிது கசிவோடு இறக்கி, ஓரிரு நாள் நீரில் ஊறவிட்டுப் பார்ப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2004ஆம் ஆண்டின் கடல்கோளுக்குப் பின் நம் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அப்பொருளையே பழைய மரப் படகின்மேல் போர்த்திவிட்டால் கசிவு நிற்கும் என்று கருதுவாரும் உளர். கசிவு நிற்பது மெய்தான். ஆனால் மரத்தில் ஏற்கெனவே ஈரம் இருக்குமாயின், அது வெளியேற வழியின்றி உள்ளேயே சிறைப்படும். பூஞ்சணத்துக்கு ஈரமும் உணவும் கொடுத்துக் கதவையும் சாத்தியதுபோல் ஆகும். முதலில் உலர்த்துதல், பிறகு போர்த்துதல் என்ற முறை மாறலாகாது.

மிகைமருந்தின் பாடம்

சுவீடன் நாட்டுப் போர்க்கப்பலான ‘வாசா’ 1628இல் மூழ்கி, 1961இல் உடல் குலையாமல் வெளியே எடுக்கப்பட்டது. நீரூறிய ஓக் மரம் உலர்ந்தால் நொறுங்கிவிடும் என்பதால், பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளை 1962 முதல் 1979 வரை அதன்மேல் தெளித்தனர். வெற்றி என்று கருதியிருந்தபோது, 2000ஆம் ஆண்டில் மரத்தின் மேல் அமில உப்புகள் பூத்தன. மாசடைந்த துறைமுக நீரிலிருந்து மரம் குடித்திருந்த கந்தகம், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பால் தூண்டப்பட்டுக் கந்தக அமிலமாக மாறியதே காரணம். 2011 முதல் ஏழாண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைத் துருவேறா எஃகு ஆணிகளாக மாற்றினர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலடியில் சேர்ந்த நோய், காற்றுப் பட்டபின் நாற்பது ஆண்டு கழித்துத் தலைகாட்டிற்று. இன்று நாம் இடும் பசையும் வேதிப்பொருளும் நாளை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மீண்டும் கழற்ற இயலும் ஆணி, கழற்ற இயலாத பசையைவிட மேலானது என்பது பழுதுபார்ப்போரின் துணிபு.

இனி, மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பல்தானா? கிரேக்கர்கள் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைக் காட்டி இக்கேள்வியை எழுப்பினார்கள். தத்துவ வகுப்பில் இதற்கு முடிவில்லை. பட்டறையில் முடிவு உண்டு என்பது என் கருத்து. வைத்த புதிய துண்டில் ஆண்டைப் பொறித்து, எடுத்த பழைய துண்டைப் பற்றி எழுதி வைத்தால், எது எவருடைய கைவேலை என்று பின்வருவோர் அறிவர். கப்பலின் வரலாறு அறுபடாது. பதிவின்றி மாற்றினால், ஒரே ஒரு பலகையை மாற்றியதும் பொய்யாகிவிடும்.

பம்பாய்த் தச்சன் ஒருவன் 1816இல் வாய்ச்சியால் செதுக்கிய தழும்பு அந்தத் தேக்கில் இருக்கிறது என்க. அவனுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தலைமைச் சிற்பியின் பெயர் நின்றது; அவனுக்கு அத்தழும்பே கையெழுத்து. பழையது என்ற ஒரே காரணத்துக்காக அந்த மரத்தை வெட்டி எறிந்தால், அவன் இரண்டாம் முறை மறக்கப்படுகிறான். முதுமை வேறு, நோய் வேறு, நோயைத்தான் வெட்டவேண்டும். இக்கட்டுரையால் நான் சொல்ல விரும்பியது இவ்வளவே.

நம் கடமை

இந்தப் பாடம் ஹார்ட்டில்பூலுக்கு மட்டும் உரியதன்று. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்றவை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘கௌண்டின்யா’ என்னும் பாய்க்கப்பலோ, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகளால் ஆனது. கேரளத் தச்சர்கள் அதைத் தைத்தார்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அதன் மாதிரியை நீரில் சோதித்து அளந்தார்கள். கைத்திறனும் அளவுகோலும் ஒன்றையொன்று மதித்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் ஓடாவியின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் இல்லை. அவருடைய கையில் இருக்கிறது. மரத் தோணிகள் குறையக் குறைய அந்தக் கைகளும் குறைகின்றன. மரத்தின் ஒலியைக் கேட்டு நோய் சொல்லும் முதியவர் ஒருவர் மறைந்தால், அவரோடு எத்தனையோ சொற்களும் மறைந்துபோகும். விடுமுறைக்குத் தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் நண்பர்கள் கடற்கரைப் பட்டறைக்கு ஒருநாள் சென்று வரவேண்டும். ஓடாவி ஐயாவிடம் அமர்ந்து, எந்த உறுப்புக்கு என்ன பெயர், எந்தப் பழுதுக்கு என்ன வழி, ஏன் அவ்வழி என்று கேட்டு எழுதி வரவேண்டும். அவர் சொல்வதற்குரிய காரணத்தை நம் ஆய்வுக்கூடத்தில் தேடிப் பார்ப்போம். அவர் ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களைத் தொகுத்து இவ்விதழில் வெளியிடுவோம். தமிழில் அறிவியல் வளரவேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. வங்கும் ஏராவும் கலப்பற்றும் போன்ற சொற்களைக் காப்பாற்றி, அவற்றைக் கொண்டே புதிய அறிவியலை எழுதுவது நம் கையில் உள்ள வேலை.